எண் ஆளுக்கா, வேலைக்கா?

சூரத்தில் இரண்டு வருடம், புனேயில் மூன்று, பிறகு ஹைதராபாத். இப்படி வேலை மாறும் தொழிலாளிக்கு ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு பி.எஃப். எண் இருந்தது. பழைய எண்ணில் சேர்ந்த பணம் பழைய கணக்கிலேயே கிடந்தது. அதை மாற்ற மனுப் போட வேண்டும், பலர் போடவில்லை. கோளாறு பணத்தில் இல்லை, பதிவேட்டின் அமைப்பில். எண் ஆளுக்குத் தரப்படவில்லை. அவர் பார்த்த வேலைக்குத் தரப்பட்டது.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2014-ல்தான் இதைத் திருத்தியது. ஆளுக்கு ஆயுள் முழுவதும் ஒரே 12 இலக்க எண், அதாவது யு.ஏ.என். ஒவ்வொரு வேலைக்கும் தனி உறுப்பினர் எண். அவை யாவும் யு.ஏ.என்.னோடு இணைக்கப்படும்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. இன்றைய டேட்டாபேஸ்களுக்கு அடிப்படை போட்ட ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் எட்கர் காட், 1970-ல் எழுதிய கட்டுரையில் உதாரணமாக எடுத்துக்கொண்டதே ஊழியர் பதிவைத்தான். பெயரும் பிறந்த தேதியும் ஓர் அட்டவணையில். வகித்த பதவிகள், வாங்கிய சம்பளம், குழந்தைகள் ஆகியவை தனித்தனி அட்டவணைகளில். எல்லாவற்றையும் கோர்ப்பது ஊழியரின் எண். பதவி மாறலாம், சம்பளம் மாறலாம், ஆள் ஒருவர்தான்.

ஆனால் அட்டவணைகளைப் பிரித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று எழுதி வைக்க வேண்டும். டேட்டா டிக்‌ஷனரி என்பது இதுதான். 'சேர்ந்த தேதி' என்றால் பயிற்சிக்கு வந்த நாளா, வேலை நிரந்தரமான நாளா? சீனியாரிட்டியும் பணிக்கொடையும் இந்தப் பதிலைப் பொறுத்தவை. 'பெயர்' இனிஷியலுடனா, விரித்து எழுதியா? குடும்பப் பெயர் வழக்கமில்லாத தமிழருக்கு இது சில்லறைக் கேள்வியல்ல. ஆதாரில் ஒரு விதம், பி.எஃப். பதிவில் வேறு விதம் என்றிருந்தால், சொந்தப் பணத்தைக் கேட்கும் விண்ணப்பமே சிக்கிக்கொள்ளும்.

சாஃப்ட்வேருக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் நிறுவனங்கள் இந்தச் சில பக்கங்களை எழுதச் சோம்பல்படுகின்றன. பணியாளர் பிரிவும் கணக்குப் பிரிவும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை. எழுதி வைக்காத இடத்தில் டேட்டா என்ட்ரி செய்பவரின் ஊகமே விதியாகிவிடுகிறது. பிழை அன்று யார் கண்ணிலும் படாது. 58 வயதில் பென்ஷன் கேட்டு வரிசையில் நிற்கும்போதுதான் அது ஊழியரின் கண்ணில் படும்.