பாக் விரிகுடா வழியே எண்ணெய்க் கப்பல்: எங்கள் நிலைப்பாடு

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் கட்டுமாவடி தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா வரையுள்ள விசைப்படகு, நாட்டுப்படகு சங்கங்களும் மீன் விற்கும் பெண்கள் குழுக்களும் சேர்ந்த கூட்டுக்குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கப்பல் போகக் கடலைத் தோண்டும் சேதுக் கால்வாய்க் கதையை நம் ஆட்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. 2005 ஜூலை 2 அன்று மதுரையில் நடந்த தொடக்க விழாவைக் கைதட்டி வரவேற்றவர்களும் நம்மில் உண்டு, கறுப்புக்கொடி கட்டியவர்களும் உண்டு. 2007-ல் உச்ச நீதிமன்றத் தடை, பிறகு மாற்றுப் பாதையை ஆராய்ந்த பச்சௌரி குழுவின் அறிக்கை, 2023 ஜனவரி 12 அன்று திட்டத்தை நிறைவேற்றக் கோரிச் சட்டமன்றத்தில் ஒருமனதான தீர்மானம், எல்லாம் தெரிந்ததே. கப்பல் வரும், வேலை வரும் என்றார்கள். எண்ணெய் கரைக்கு வந்தால் யார் பொறுப்பு என்று எந்த மேடையிலும் யாரும் சொன்னதாக எங்களுக்கு நினைவில்லை.

இப்போது ஏன் இந்த அறிக்கை என்று கேட்பவர்களுக்கு: தேர்தல் வந்தால் கால்வாயும் கூடவே வருகிறது. நாகை பனங்குடியில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் சுத்திகரித்த ஆலையின் இடத்தில் 90 லட்சம் டன் ஆலைக்கு 2021 பிப்ரவரி 17 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அத்தனை கச்சா எண்ணெய் நரிமணத்துக் கிணறுகளில் ஊறப் போவதில்லை. பெரும்பகுதி கடல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 2025 ஆகஸ்டில் எண்ணெய்க் கசிவுப் பொறுப்பையும் கையாளும் புதிய வணிகக் கப்பல் சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. கால்வாய், ஆலை, சட்டம் என்ற இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நமக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

எண்ணெயைக் கடலில் கொண்டுபோவதே கூடாது என்பது எங்கள் வாதம் அல்ல. நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. எங்கள் விசைப்படகுகளில் ஊற்றும் டீசலும் அப்படி வந்ததுதான். லாரியையும் ரயிலையும்விடக் கப்பல் மலிவு. 1970-களோடு ஒப்பிட்டால் பெரிய எண்ணெய்க் கசிவுகள் உலக அளவில் வெகுவாகக் குறைந்துவிட்டன என்பதும் உண்மை. ஒற்றைச் சுவர்க் கப்பல்கள் போய் இரட்டைச் சுவர்க் கப்பல்கள் வந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. இந்தப் பத்தி அறிக்கையில் இருக்கத்தான் வேண்டுமா என்று குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. இருக்கட்டும் என்று முடிவானது.

ஆனால் மலிவு என்ற கணக்கில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள்? சேதுக் கால்வாய் 167 கிலோமீட்டர். அதில் பாக் நீரிணைப் பகுதியில் மட்டும் 54 கிலோமீட்டர் தோண்ட வேண்டும். ஆழம் 12 மீட்டர். வளைகுடா நாடுகளிலிருந்து கச்சா எண்ணெய் சுமந்து வரும் பெருங்கப்பல் முழுச் சுமையில் நீருக்குள் இருபது மீட்டருக்கு மேல் இறங்கி நிற்கும். அது இந்தப் பக்கம் தலைகாட்டவே முடியாது. இலங்கையைச் சுற்றித்தான் போகும், இன்று போல. அப்படியானால் கால்வாயில் வரக்கூடியவை பெட்ரோலும் டீசலும் ஏற்றிய சின்ன டேங்கர்கள்தாம். அவையும் வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, கட்டணம் கட்டிப் போக வேண்டும். மிச்சமாகும் நேரத்தையும் எரிபொருளையும் பொருளியல் வல்லுநர் ஜேக்கப் ஜான் 2007-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அரசு சொன்ன மிச்சத்துக்கும் அவர் கண்ட மிச்சத்துக்கும் நிறைய தூரம். தோண்டிய இடம் தூர்ந்துகொண்டே இருக்கும், தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் மனசை அறுப்பது வேறு. எண்ணெய் சிந்தினால் அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பது.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதல் செய்தி. பிறகு ஒன்றிரண்டு டன் என்றார்கள். கடைசியில் அரசுத் தரப்புக் கணக்கே நூறு டன்னைத் தாண்டியது. அந்தப் படங்களை எல்லோரும் பார்த்தோம். கல்லூரிப் பிள்ளைகளும் மீனவர்களும் போலீஸ்காரர்களும் பாறை இடுக்கில் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் தார்க்குழம்பை அள்ளிக் கைமாற்றினார்கள். செவ்வாய்க்குக் கலம் விட்ட நாடு, சென்னைக்கு வடக்கே எண்ணெய் அள்ள வாளி கொடுத்தது! அது பெரிய துறைமுகம். மாநிலத் தலைநகரம் பக்கத்திலேயே. தொலைக்காட்சி வண்டிகள் வாசலில். அங்கேயே அந்த நிலை என்றால், ஜெகதாப்பட்டினத்தில் ஒதுங்கும் எண்ணெயை அள்ள யார் வருவார்கள்?

2023 மார்ச் 2 இரவு நாகூர்ப் பட்டினச்சேரியில் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். அந்த முறை அரசு கொடுத்த நிவாரணம்: 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்கு 7,500 ரூபாய், 787 படகுகளுக்குப் பத்தாயிரம் ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சம். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணெய் ஊறிய நண்டு வலையைக் கழுவி மறுபடி கட்ட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். 12,500 ரூபாயில் எத்தனை பாடு வலை வாங்கலாம் என்று எந்த அதிகாரியாவது கடைக்குப் போய் விசாரித்தாரா?

இதற்கெல்லாம் சர்வதேச ஏற்பாடு இருக்கிறது, கவலை வேண்டாம் என்கிறார்கள். இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கையிலும் இழப்பீட்டு நிதியிலும் இந்தியா உறுப்பு நாடு. எண்ணெய் வாங்கும் நிறுவனங்கள் அந்த நிதிக்குப் பணம் கட்டுகின்றன. அதிகம் கட்டும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் கப்பல் முதலாளியின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. கப்பல் சின்னதானால் வரம்பும் சின்னது. 5,000 டன் கொள்ளளவுக்கு உட்பட்ட கப்பலுக்கு அது 45 லட்சத்துப் பத்தாயிரம் எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), நம் காசில் ஐம்பது கோடிக்கு மேலே. நிதியையும் சேர்த்தால் ஒரு விபத்துக்கு மொத்தமே 20 கோடியே 30 லட்சம் எஸ்.டி.ஆர்., இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேலே. அதற்கும் மேலே போகும் துணை நிதி ஒன்று 2003-ல் வந்தது. அதில் இந்தியா சேரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் உறுப்பினர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 1992 உடன்படிக்கை, எளிதில் ஆவியாகிக் கலையாமல் நின்று ஒட்டும் எண்ணெய்க்கு மட்டுமே. கச்சா எண்ணெய், உலை எண்ணெய், கனரக டீசல் போன்றவை அதில் வரும். பெட்ரோல், மண்ணெண்ணெய், இலகு டீசல் வகைகள் சரக்காகச் சிந்தினால் அதில் வராது. அவற்றுக்கான தனி உடன்படிக்கை இதை எழுதும் வரை நடைமுறைக்கு வரவில்லை. நம் விரிகுடாவில் ஓடக்கூடிய சின்ன டேங்கர்கள் என்ன ஏற்றிப் போகும்? பெட்ரோலும் டீசலும்தான். கால்வாய் யாருக்காகவோ, சட்டத்தின் ஓட்டை மட்டும் நமக்காக!

பக்கத்து நாட்டைப் பாருங்கள். 2021-ல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் எண்ணெய்க் கப்பல் அல்ல, கொள்கலன் கப்பல். இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொல்ல 2025 ஜூலை வரை ஆனது. கப்பல் தரப்போ லண்டன் நீதிமன்றம் வைத்த வரம்பைக் காட்டுகிறது. கேரளாவில் 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது மாநில அரசு 9,531 கோடி கேட்டது. உயர் நீதிமன்றம் ஈடாக நிர்ணயித்தது 1,227 கோடி. அந்த அரசாவது அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலைப் பிடித்துவைக்க நீதிமன்றத்துக்கு ஓடியது. 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்குக் கடலில் தீப்பிடித்த நியூ டைமண்ட் கப்பலில் பாரதீப்புக்கு வந்துகொண்டிருந்த கச்சா எண்ணெய் 2 லட்சத்து 70 ஆயிரம் டன். இரு நாட்டுக் கடற்படை, கடலோரக் காவல்படைக்காரர்கள் தீயை அடக்கினார்கள், சரக்குத் தொட்டிகள் தாங்கின. அன்று தப்பித்ததை ஏற்பாட்டின் வெற்றி என்று எடுத்துக்கொள்ள நாங்கள் தயாரில்லை.

பணம் வந்தாலும் அது நம் கைக்கு வருமா? நிதியிடம் இழப்பீடு கேட்பவர் இழப்பை நிரூபிக்க வேண்டும். சேதம் ஏற்பட்ட மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். விபத்துக்கு முந்தைய ஆண்டுகளின் வருமானக் கணக்கு வேண்டும். விசைப்படகு டோக்கன் வாங்கித் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகிறது, அதனால் ஏதோ ஒரு பதிவு இருக்கிறது. நாட்டுப்படகுக்காரரிடம் இருப்பது நண்டுக் கம்பெனியில் கிழித்துக் கொடுத்த துண்டுச்சீட்டு. சட்டைப் பையில் வியர்வையில் நனைந்து, எழுத்து கலைந்து, அடுத்த சலவையில் கூழாகிவிடும். கருவாடு விற்கும் அக்காக்களிடம் அதுவும் கிடையாது. கூடையில் எத்தனை கிலோ ஏற்றினார், எந்த ஊரில் என்ன விலைக்கு விற்றார் என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் இருக்கிறது. அந்த நிதியின் லண்டன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கணக்காளர் மனக்கணக்கை ஏற்பாரா? கஜா புயல் அடித்துப் போட்ட பிறகு படகுச் சேதத்துக்கு ஆவணம் கேட்டு அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அது நம் ஊர் அலுவலகம், நம் மொழி.

வயலுக்கு ஒரு நியாயம், கடலுக்கு ஒரு நியாயமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நெடுவாசல் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்துக்கு மீனவர்களும் துணை நின்றோம். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் இருக்கின்றன. அங்கே எண்ணெய்க் கிணறு தோண்ட முடியாது. சந்தோஷம். ஆனால் அதே சட்டம் துறைமுகத்துக்கும் குழாய்ப் பாதைக்கும் விலக்குக் கொடுக்கிறது. மணமேல்குடி ஒன்றியத்தின் பாதுகாப்பு கடற்கரை மணலோடு நின்றுவிடுகிறது. அலைக்கு அந்தப் பக்கம் சோறு விளைவதில்லையா?

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பாக் விரிகுடா ஆழமில்லாத, மூடிக்கிடக்கும் கடல். வங்காள விரிகுடாவில் சிந்தும் எண்ணெய் கலைந்து போகலாம், இங்கே பாசியில் படிந்து கிடக்கும். வாடைக் காலத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே வருவதால் நாகைக்கு நேரே சிந்தினாலும் நமக்கு ஆபத்து உண்டு. ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசே காப்பகமாக அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்புக்கு அர்த்தம் இருக்க வேண்டும். வேலைவாய்ப்பு வரும் என்ற வாதத்தை நாங்கள் ஒதுக்கவில்லை, எத்தனை வேலை, யாருக்கு என்று எழுத்தில் கேட்கிறோம். நம் படகுகளின் கழிவு எண்ணெயைத் துறைமுகத் தண்ணீரில் ஊற்றுவதும் நிற்க வேண்டும். நாட்டுப்படகு சங்கங்களின் வற்புறுத்தலால் இந்த வரி சேர்க்கப்பட்டது, விசைப்படகு சங்கங்களும் ஒப்புக்கொண்டன.

ஆகவே கூட்டுக்குழுவின் நிலைப்பாடு இது. சேதுக் கால்வாய்த் திட்டத்தையே முற்றாக நிராகரிப்பதா என்பதில் எங்களுக்குள் முழு ஒருமைப்பாடு இல்லை. அதைப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்திருக்கிறோம். ஆனால் எண்ணெயோ எண்ணெய்ப் பொருளோ ஏற்றிய கப்பல் பாக் விரிகுடா வழியே போவதை இன்றைய நிலையில் ஏற்க இயலாது. இதில் ஒரு சங்கம்கூட மாற்றுக் கருத்து சொல்லவில்லை. கடலோரத்தில் எண்ணெய் இறக்கும் நிறுவனங்கள், கசிவு நடந்த பிறகு அல்ல, இப்போதே ஒரு வைப்புத்தொகை கட்ட வேண்டும். அது மாவட்ட ஆட்சியர், மீன்வளத்துறை, சங்கங்கள் மூவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். துணை நிதியில் இந்தியா சேர வேண்டும். எண்ணெய்த் தடுப்பு மிதவையும் அள்ளும் கருவியும் வைத்திருப்பது துறைமுகங்களின் கடமை என்கிறது எண்ணெய்க் கசிவுக்கான தேசியப் பேரிடர்த் திட்டம். பெரிய துறைமுகமே இல்லாத நம் மாவட்டத்தில் அது யார் கடமை என்று அரசு எழுதிக் கொடுக்க வேண்டும். வேளாண் மண்டலப் பாதுகாப்பு கடலுக்கும் நீள வேண்டும். இந்தக் கோரிக்கைகளில் எதையும் யோசிக்கலாம், பேசலாம். "பார்க்கலாம்" என்ற பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப மாட்டோம்.

சொந்தங்களே, அரசு செய்வதற்கு முன்னால் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு நாட்டுப்படகும், மீன், கருவாடு விற்கும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மீன் வகை, எடை, விலை, வாங்கியவர் பெயர் எழுதுங்கள். கம்பெனிச் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். மாதக் கடைசியில் நோட்டை உங்கள் ஊர்ச் சங்கத்தில் காட்டி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நகலை மீன்வளத்துறை அலுவலகத்தில் சேர்ப்பது சங்கத்தின் வேலை.