முதல் மாதத்தில் கண்ணாடியைப் பார்க்காதீர்கள்

நாஃபா உடலுறுதித் தேர்வு நெருங்கினால் வீவக புளோக்குகளின் உடற்பயிற்சி மூலைகளில் மாணவர் கூட்டம் சேர்ந்துவிடும். மூன்று, நான்கு வாரங்களில் அந்தக் கூட்டம் கரைந்தும் விடும். தேர்வு முடிந்துவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. “ஒரு மாதம் செய்தேன், கை அப்படியேதான் இருக்கிறது!” இப்படிச் சொல்லி நிறுத்துகிறவர்கள் தவறான அளவுகோலை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்பது என் கருத்து.

கை அப்படியே இருக்கலாம். அதை இயக்கும் நரம்பு மண்டலம் அப்படியே இருப்பதில்லை. ஒரு தசையில் பல்லாயிரம் இழைகள் உள்ளன. அவை குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு நரம்பணுவின் கட்டளைக்குக் காத்திருக்கின்றன. பழக்கமில்லாதவர் கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும்போது, மூளையால் எல்லாக் குழுக்களையும் முழு வேகத்தில் ஏவ முடிவதில்லை. எதிர்த்தசையும் இறுகி இடையூறு செய்கிறது. சில வாரப் பயிற்சியில் அதிகக் குழுக்கள் வேலைக்கு வருகின்றன, கட்டளைகள் வேகமாகப் பாய்கின்றன, எதிர்த்தசை வழிவிடுகிறது. ஒரு புல்-அப் மூன்றாவது இப்படித்தான்.

இதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியே செய்யாத மறு கையும் வலுவடைந்திருந்தது! 1979இல் மோரிட்டானி, டி விரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தசையின் மின்சமிக்ஞைகளை எட்டு வாரம் அளந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் கூடிய வலிமையில் பெரும்பங்கு நரம்பினால் வந்தது. மூன்று முதல் ஐந்து வாரங்களுக்குப் பிறகே தசையின் பருமன் முக்கியக் காரணமானது.

இப்போது நம் மாணவரின் கணக்கைப் பாருங்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்குகிறார். நரம்பு தந்த பலனைப் பெற்றுக்கொள்கிறார். தசை பருக்கத் தொடங்கும் வாரத்தில் நிறுத்திவிடுகிறார். பிறகு, “என் உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்கிறார்.

தசை எப்படிப் பருக்கிறது? பாரத்தை இழுக்கும்போது இழைகளில் ஏற்படும் இழுவிசையை உயிரணு உணர்ந்து, ஆக்டின், மயோசின் ஆகிய புரதங்களை அதிகமாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. இழைகளின் எண்ணிக்கை கூடுவதாகத் தெரியவில்லை. ஒவ்வோர் இழையும் தடிக்கிறது. அதன் ஓரத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் சாட்டிலைட் உயிரணுக்கள் தேவைப்படும்போது விழித்து, தங்கள் உட்கருக்களை இழைக்குத் தருகின்றன. இவற்றை 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளையின் தசையில் கண்டுபிடித்தார்.

“தசை கிழிந்து, ஒட்டும்போதுதான் பெரிதாகும், அதனால் வலித்தால்தான் பலன்” என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வார்கள். இதை நம்பி முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்து, இரண்டு நாள் படியிறங்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. 2016இல் பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. முதல் பயிற்சிக்குப் பிறகு உடல் நிறையப் புரதம் தயாரித்தது. அது தசை வளர்ச்சியுடன் ஒத்துப்போகவில்லை, பெரும்பாலும் பழுதுபார்ப்பதற்கே செலவானது. சேதம் குறைந்த பின்வந்த வாரங்களில்தான் தயாரித்த புரதமும் தசை வளர்ச்சியும் ஒத்துப்போயின. (வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்பதும் சரியல்ல. வலி உச்சத்தை எட்டும் முன்பே அது இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது.)

வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பருவமடைவதற்கு முன் கிடைக்கும் வலிமை பெரும்பாலும் நரம்பின் வேலை. உயர்நிலை ஒன்றில் படிக்கும் பையன் தன் கையை உயர்நிலை நான்கு அண்ணனின் கையோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை. பயிற்சி செய்தால் ஆண்களைப் போல் உடம்பு ஆகிவிடும் என்று ஒதுங்கும் மாணவிகளின் அச்சத்துக்கும் ஆதாரமில்லை. அந்த அளவு பருமனுக்குத் தேவையான டெஸ்டோஸ்டிரோன் அவர்கள் உடலில் மிகக் குறைவு. வலிமை மட்டும் தாராளமாகக் கூடும்.

பொறுமை இழந்தவர்களுக்காகவே புரதத் தூள் டப்பாக்கள் காத்திருக்கின்றன. 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்ததில், பயிற்சி செய்யும் பெரியவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதத்திற்கு மேல் உண்டதால் தசை கூடுதலாக வளரவில்லை என்று தெரிந்தது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 80 கிராம். காலையில் இரண்டு முட்டை, மதியம் கோழிச் சோறு, மாலையில் பால், இரவில் தெம்பேயும் பருப்பும் என்று சாப்பிட்டாலே அதை நெருங்கிவிடலாம். டப்பாவின் விலைக்கு உணவங்காடியில் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

தூளாவது பணத்தோடு போகும். இணையத்தில் இரகசியமாக விற்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் அப்படியல்ல. வளரும் வயதில் அவை எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடச் செய்து உயரத்தை நிறுத்திவிடக்கூடும். உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோனையும் அடக்கிவிடும். யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பெற்றோரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.

ஐந்து முதல் 17 வயது வரை உள்ளவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தேர்வுக் காலத்துக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஒரு குறிப்பேட்டில் தேதி போட்டு, அன்று எத்தனை முறை இழுத்தீர்கள் என்பதை மட்டும் எழுதிவாருங்கள். மூன்று மாதம் கழித்து வேண்டுமானால் கண்ணாடி முன் நில்லுங்கள். அதுவரை அந்த எண்ணிக்கையை நம்பலாம்.