சிகரெட்டுக் கம்பெனிகளின் ஜீவகாருண்யம்

சிரம்பான், ரந்தாவ், பஹாவ் தோட்டங்களில் பால்மரத்தோடு பழகிய தோழர்களுக்கு அமோனியா இன்னதென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பால் உறையாதிருக்க விடுவது அதைத்தான். முன்னாளில் புல்லைக் கொல்லத் தெளித்த பாஷாண மருந்தையும், அப்புல்லை மேய்ந்து மாண்ட மாடுகளையும் கிழவர்கள் அறிவார்கள். இவ்விரு வஸ்துக்களும் சிகரெட்டுப் புகையில் இருக்கின்றன. புகையிலுள்ள ரசாயனங்கள் 7,000க்கு மேல்; புற்றுநோய் விளைவிப்பவை ஏறக்குறைய 70. அமோனியாவோ தானாக மட்டும் வந்ததன்று. நிக்கோட்டினின் வேகம் கூடும்பொருட்டுக் கம்பெனியாரே அமோனியாச் சரக்கைப் புகையிலையில் சேர்த்தனர்.

தெரியாமற் செய்தார்களென்று சிலர் வக்காலத்து வாங்குகின்றனர். 1953இல், புகையின் தாரைப் பூசிய எலிகளுக்குப் புற்று வந்ததென்று ஆராய்ச்சி வெளியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே அமெரிக்கக் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கில் கூடி, 1954 ஜனவரியில் 400க்கு மேற்பட்ட பத்திரிகைகளில், ருசுவில்லை, ஜனங்களின் ஆரோக்கியமே எமது பெருங்கவலை என்று விளம்பரம் செய்தனர். என்னே கருணை! 1963இல் பிரவுன் அண்டு வில்லியம்சன் கம்பெனியின் வக்கீல், நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் சரக்கென்று இரகசியமாய் எழுதி வைத்தார். 1994இல் அக்கம்பெனியின் தலைவர் உட்பட எழுவர் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி முன் சத்தியம் செய்து, அடிமைப்படுத்தாதென்றனர். சூடத்தை அணைத்துப் பொய் சொல்பவனும் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்! அக்கம்பெனி, இன்று இந்நாட்டில் டன்ஹில் விற்கும் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்கு அன்று சொந்தமானது.

அந்த டன்ஹில்லின் பெயரைத்தான் 1990களில் மலேசியக் கால்பந்து லீக்கே சுமந்தது. லயத்துப் பிள்ளைகள் கோலோடு அதையும் மனப்பாடம் செய்தனர். 2023இல், 2007 முதல் பிறந்தோருக்குச் சிகரெட் விற்கலாகாதென்ற ஷரத்தை மசோதாவினின்றும் எடுத்துவிட்டே சட்டத்தை நிறைவேற்றினர். யாருடைய நன்மைக்காக அது எடுக்கப்பட்டதென்று வோட்டுக் கேட்டு லயத்துக்கு வரும் கனவான்களை நாம் கேட்கின்றோம்.