கணக்கில் பிழை, களத்தில் தண்டனை

உத்தியோக காலம் முழுவதும் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டியவன் நான். அதனாலேயே எவர்ட்டன் கால்பந்து கிளப்பின் 2023-24 சீசன் மனதில் நின்றுவிட்டது. லிவர்பூல் நகரத்துப் பழைய கிளப் அது. 1954 முதல் இங்கிலாந்தின் முதல் டிவிஷனை விட்டு இறங்கியதே இல்லை. 20 அணிகளில் கடைசி மூன்று கீழ் டிவிஷனுக்குப் போயாக வேண்டும்.

மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாது என்பது அப்போது பிரீமியர் லீக் விதியாக இருந்தது. எவர்ட்டனின் நஷ்டம் 12.45 கோடி என்று விசாரணையில் முடிவானது. நவம்பரில் 10 புள்ளிகளைப் பறித்தார்கள். அப்பீலில் அது 6 ஆகக் குறைந்தது. ஏப்ரலில் இன்னொரு கணக்குக்காக மேலும் 2 போயிற்று.

விதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்டுச் செலவழித்தவர்கள் ஒருபக்கம் இருக்க, அடி வாங்கியவர்கள் மழையில் ஓடிய ஆட்டக்காரர்களும் டிக்கெட் வாங்கிய ரசிகர்களும்தான். அபராதத்தைச் செலவழித்தவர் தலையில் கட்டுவதல்லவா முறை?

அணி புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. ஏப்ரல் 24 அன்று பக்கத்து வீட்டுப் பங்காளியான லிவர்பூலையே 2-0 என்று சாய்த்தது. முடிவில் 40 புள்ளிகள், 15-ஆம் இடம். உழைத்துச் சம்பாதித்ததோ 48. என்னைக் கேட்டால், அதுதான் சரியான கணக்கு.