உடலுக்காகத் துணியா? துணிக்காக உடலா?

பருத்த சரீரமுள்ளவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அவர்கள் அளவுக்குத் தக்க தைத்த உடைகளைக் கடையில் விற்கலாமா கூடாதா என்று மேல்நாடுகளில் சில ஆண்டுகளாக ஒரு விவகாரம் நடந்து வருகின்றது. கூடாது என்பவர்கள் சொல்லும் காரணம், விற்றால் பருமனாயிருப்பதே நல்லதென்று ஜனங்கள் நினைத்துத் தேக ஆரோக்கியத்தைக் கெடுத்துக் கொள்வார்கள் என்பதாகும். இதைக் கேட்டால் நம் கிராமத்துத் தோழர்களுக்குச் சிரிப்பு வரலாம். சேலைக்கும் வேட்டிக்கும் அளவு ஏது? ஒல்லியானவளும் பருத்தவளும் ஒரே சேலையைத்தானே உடுத்துகிறார்கள்? ஆனால் நம் பெண்மக்களும் தைத்து விற்கும் உடைகளுக்கு வந்து விட்டபடியால், இது இனி நம் விவகாரமுமாகும்.

2019ம் வருஷம் ஜூன் மாதத்தில் நடந்த சங்கதியைப் பாருங்கள். லண்டன் நகரத்தில் நைக்கி கம்பெனியார் தங்கள் பெரிய கடையில், தேகாப்பியாச உடை உடுத்திய பருத்த பெண் பொம்மை ஒன்றை நிறுத்தினார்கள். அவ்வளவுதான். அவ்வூர் 'டெலிகிராப்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்துவிட்டது. இப்படிப்பட்ட உடலுள்ளவளால் ஓடவே முடியாது, அவள் நீரிழிவுக்குப் போகிற வழியில் இருக்கிறவள், அவளைக் கடையில் நிறுத்துவது பெண்களை ஏமாற்றுவது என்பது அதன் சாரம். இந்தப் புத்தியைக் கவனியுங்கள்! பருத்தவர்களைப் பார்த்து 'நட, ஓடு' என்று உபதேசம் செய்கிறவர்களும் இவர்களே. ஓடுவதற்கு உடை கொடுத்தால் 'கொடுக்காதே' என்று கூச்சல் போடுகிறவர்களும் இவர்களே. ஊர்க் குளத்தில் இறங்க விடாமல் தடுத்துவிட்டு, 'இவன் குளிக்காதவன், ஆகையால் கிட்டே வரக்கூடாது' என்று சொன்ன நம் நாட்டு மேல்ஜாதி நியாயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

உடை கிடைக்காததினால் யாருடைய உடலிலாவது ஒரு பலம் சதை குறைந்ததுண்டா? சுருட்டுப் பிடிக்கிறவனுக்குச் சட்டை விற்கும்போது அவன் நுரையீரலைப் பற்றி எந்தக் கடைக்காரனாவது விசாரித்ததுண்டா? பருத்த பெண்ணிடம் மட்டும் துணிக்கடைக்காரன் வைத்தியனாகி விடுகின்றான். பிள்ளையாருக்குத் தொந்தி இருந்தால் கொழுக்கட்டை படைக்கின்ற ஜனங்கள், தெருவில் போகும் பருத்த பெண்ணைக் கண்டால் கேலி செய்கிறதும் இந்த அறிவைச் சேர்ந்ததுதான்.

நிற்க, அதிகப் பருமனால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மூட்டு நோவும் ஏற்படுவது அதிகமாகின்றது என்பது வைத்திய ஆராய்ச்சியில் கண்ட உண்மை. எந்த உடலும் எவ்வளவு பருத்தாலும் கெடுதியில்லை என்று அந்நாட்டு இயக்கக்காரர்களில் சிலர் சொல்லுவதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆனால் எதிர்க்கட்சியார் வேதவாக்காகக் காட்டும் 'பி.எம்.ஐ.' கணக்கின் யோக்கியதையையும் பார்க்க வேண்டாமா? எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கை 1830-களில் கண்டவர் கெத்தலே என்னும் பெல்ஜியம் நாட்டு வானசாஸ்திரி; அவர் வைத்தியரல்ல. சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்று பார்க்கவே அவர் அதைப் போட்டார். ஆசியாக்காரர்களுக்கு 25 என்ற கோட்டுக்கு முன்பே, 23-லேயே, ஆபத்து ஆரம்பித்து விடக்கூடும் என்று 2004ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் சொன்னார்கள். அதாவது, பருத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நம்மூர் ஒல்லி ஆசாமிக்கே நீரிழிவு இருக்கலாம். இந்த எண் ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் ஆரோக்கியத்தை முடிவு கட்டக்கூடாதென்று 2023ல் அமெரிக்க வைத்தியர் சங்கத்தாரே தீர்மானம் செய்து விட்டார்கள்.

உடை அளவுகளின் பிறப்போ இதைவிட வேடிக்கை. 1939, 1940ம் வருஷங்களில் அமெரிக்க சர்க்கார் விவசாய இலாகாவார், தைத்த உடைகளுக்கு ஓர் அளவு காண்பதற்காகச் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். கூட்டமாக வந்தவர்களில் வெள்ளையரல்லாத பெண்கள் இருந்தால், மனஸ்தாபம் வராதிருப்பதற்காக அவர்களையும் அளந்து, பிறகு அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டார்கள்! இதை ஆதாரமாகக் கொண்டுதான் 1958ல் அளவுத் திட்டம் வந்தது. 1983ல் சர்க்கார் அதைக் கைவிட்டார்கள். ஒரு கூட்டத்தார் உடலை வைத்து உண்டாக்கிய அட்டவணையை உலகத்துப் பெண்களின் இலட்சணமாக்கி, அதில் அடங்காதவளைப் பார்த்து 'உன் உடல்தான் தப்பு' என்பது, மனுதர்மத்தைத் துணியில் தைத்ததேயாகும்.

வியாபாரிகள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஓல்டு நேவி கம்பெனியார் 2021ம் வருஷம் ஆகஸ்டில் 0 முதல் 28 வரை எல்லா அளவுகளையும் ஒரே விலைக்குக் கடைகளில் வைத்தார்கள்; நடு அளவுகள் விற்றுத் தீர்ந்து, ஓரத்து அளவுகள் தேங்கிப் போகவே, 2022ல் சுமார் 75 கடைகளில் அதைக் குறைத்துக் கொண்டார்கள். ஆகவே பருத்தவர்கள் வாங்குவதில்லை என்பார்கள். எவ்வளவு பேர் வருவார்கள் என்று கணக்குப் பார்க்காமல் சரக்கை நிரப்பியது யார் தப்பு? மேலும், காலமெல்லாம் 'உனக்கில்லை' என்று திருப்பியனுப்பிய கடைக்கு ஒரு வருஷத்தில் அவர்கள் எப்படி வந்து குவிவார்கள்?

நம் நாட்டிலும் இந்தியர்களுக்கென்று அளவு காண்பதற்காக, ஆறு நகரங்களில் 25,000 பேரை அளப்பதாக 2018, 2019ம் வருஷங்களில் நிப்ட் என்னும் சர்க்கார் ஸ்தாபனத்தின் திட்டம் வெளியாயிற்று. நல்ல காரியந்தான். ஆனால் நாற்று நடும் பெண்ணும், நாளெல்லாம் அடுப்படியில் நின்று இட்டிலிக் கடை நடத்தும் அம்மாளும் அந்த ஆறு நகரங்களின் கணக்கில் சேர்ந்தவர்கள்தானா என்பதை, அட்டவணை தயாரிக்கிறவர்களையும் அதை வைத்துத் துணி வெட்டப் போகிறவர்களையும் நாம் இப்போதே கேட்டு வைக்கின்றோம்.