பழைய வண்டி என்றால் கேவலமா?



திருச்சி தில்லை நகரில், எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். அவரிடம் ஒரு பழைய டி.வி.எஸ். 50 இருக்கிறது. ஆறாம் வகுப்பு படிக்கும் பேரனைத் தினமும் மாலையில் அதில்தான் டியூஷனுக்கு அழைத்துப் போவார். டியூஷனுக்கு நாலு கடை முன்னாலேயே, "இங்கேயே இறக்கி விடுங்க தாத்தா" என்பான் பேரன். காரணம் என்ன தெரியுமா? மற்ற பிள்ளைகள் புது ஸ்கூட்டரிலும் காரிலும் வந்து இறங்குவார்கள். இவன் வண்டியோ படபடவென்று புகை விட்டுக்கொண்டு வரும்!

ஒரு நாள் வண்டி கிளம்பவே இல்லை. "பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்" என்றார் அப்பா. பேரனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தாத்தா எதுவும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா ஸ்பானர் பையை எடுத்தார். பேரன் கையில் ஒரு பழைய தட்டைக் கொடுத்தார். "நான் கழட்டித் தர்றதையெல்லாம் வரிசையா அடுக்கி வைப்பா. மாட்டும்போது கடைசியா வச்சதை முதல்ல எடுத்துக் கொடு" என்றார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், முனை முழுக்கக் கரி! உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினார். ஸ்டாண்டு போட்டுப் பெடலை மிதித்தார். நாலாவது மிதியில் வண்டி உயிர் பெற்றது!

கரி எப்படி வந்தது? அந்த வண்டியின் இன்ஜின், 'டூ ஸ்ட்ரோக்' வகை. பெட்ரோலுடனேயே ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். உள்ளே வேகமாக ஓடும் பிஸ்டன் தேயாமல் காப்பது அந்த ஆயில்தான். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சூடாகி இறுகிவிடும். கூடினால் சரியாக எரியாமல் புகையாக வரும். பிளக்கில் கரியாகப் படியும். கரி படிந்த பிளக்கில் பொறி ஒழுங்காக வராது. பொறி இல்லாவிட்டால் பெட்ரோல் எரியாது.

"வண்டி மேல தப்பு இல்லடா. கண்ணளவுல ஆயில் ஊத்தினேன் பாரு, என் மேலதான் தப்பு" என்று சிரித்தார் தாத்தா. அன்றிலிருந்து ஆயிலை அளந்து தருவது பேரன் வேலை. புகையும் பெருமளவு குறைந்துவிட்டது.

இதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பழைய வண்டி வைத்திருப்பது கேவலமே இல்லை. நம் வீட்டு வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் குறை.

வெளிநாட்டுப் பண்ணைகளில் 'ஏ.டி.வி.' என்று ஒரு வண்டி உண்டு. நான்கு தடித்த டயர்களுடன் சேறு, மணல், மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் போகும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது மொபெட்தான். 1980ல் ஓசூரில் தயாராகி வந்த டி.வி.எஸ். 50, இரண்டு பேர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட். வயல் வரப்போ, வாழைத்தாரோ, பால் கேனோ, அது சளைக்காமல் போனது. எளிமையான இன்ஜின் என்பதால், வீட்டிலேயே பலர் அதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார்கள்.

"பழைய வண்டி காற்றைக் கெடுக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கூடுதலாகப் புகை விடும் என்பது உண்மை. அதனால்தான் இப்போது வரும் மொபெட்டில் 'ஃபோர் ஸ்ட்ரோக்' இன்ஜின் இருக்கிறது. புகைப் பரிசோதனையில் தேறாத வண்டியைப் பாசத்துக்காக ரோட்டில் ஓட்டக் கூடாது. 15 ஆண்டு ஆனதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால், ஒரு பிளக்கில் கரி படிந்ததற்காக முழு வண்டியையும் தூக்கிப் போடுவது என்ன நியாயம்?

பழுது பார்க்கத் தெரிந்தவருக்குப் புதிதாகச் செய்யவும் கை வரும். இதற்குச் சாட்சி நம் திருச்சியிலேயே இருக்கிறது. 1928ல் தொடங்கிய பொன்மலை ரயில்வே பணிமனைதான் அது. சுவிட்சர்லாந்தில் செய்த நீலகிரி மலை ரயிலின் பழைய நீராவி இன்ஜின்களை அங்கேதான் பிரித்துப் பழுது பார்த்தார்கள். பிறகு, 2011 முதல், அதே மலைப் பாதைக்குப் புது நீராவி இன்ஜின்களையே அங்கு செய்து கொடுத்தார்கள்!

நீங்கள் என்ன செய்யலாம்? டயரில் காற்று இருக்கிறதா, செயின் தொங்குகிறதா, கீழே ஆயில் சொட்டுகிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வண்டி இல்லாவிட்டால், உங்கள் சைக்கிளில் ஆரம்பியுங்கள்.

ஆனால், பெரியவர் பக்கத்தில் இல்லாமல் எதையும் கழற்றாதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகே தொட வேண்டும். பெட்ரோல் அருகே நெருப்பு கூடவே கூடாது. பிரேக் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். 'ரிப்பேர் தெரியுமே' என்று வண்டியை எடுத்து ஓட்டவும் கூடாது. 50 சி.சி.க்குள் உள்ள கியர் இல்லாத வண்டிக்கு 16 வயதும், மற்றவற்றுக்கு 18 வயதும் முடிந்து, லைசென்ஸ் வாங்கிய பிறகே ஓட்டலாம்.

அந்தப் பேரன் இப்போது டியூஷன் வாசலிலேயே இறங்குகிறான். போன வாரம் அவன் நண்பன், "உங்க வண்டி ஏன் இப்பல்லாம் புகை விடறதில்ல?" என்று கேட்டானாம். பாடம் ஆரம்பிக்கும் வரை இவன் பிளக்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தானாம்!

வரும் ஞாயிறு, உங்கள் வீட்டு வண்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்களேன்!