மீண்ட காணியை ஈடு வைக்கலாமா?

சென்ற மாரியில் ஒரு மாலை, வலிகாமம் வடக்கைச் சேர்ந்த தகப்பன் ஒருவர் பங்குமனைக்கு வந்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி. 1990இல் உடுத்த உடையோடு ஊரைவிட்டு ஓடியபோது அவருடைய மனைவி மறக்காமல் எடுத்துவந்தது இந்த ஒன்றைத்தானாம். இருபத்தேழு வருடங்களுக்குப் பின்னர், 2017இல், பற்றை மூடிக் கிடந்த அந்த ஆறு பரப்புச் செம்மண் திரும்பக் கிடைத்தது. கிணற்றைத் துப்புரவாக்கவே ஒரு வருடம் சென்றது. இப்போது மகன் இயந்திரப் பொறியியல் படிக்கக் கனடா போகவேண்டும்.

"சுவாமி, உறுதியை ஈடு வைச்சால் முதல் வருசத்துக்குக் காணும் எண்டு முகவர் சொல்லுறார். மிச்சத்தைப் பெடியன் அங்கை உழைச்சுக் கட்டுவானாம்."

அந்தக் கடைசி வசனத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

எமது மக்களுக்குப் பொறியியல் மீதுள்ள ஆசையை நான் குறை கூற மாட்டேன். அந்தக் கதவு எமது பிள்ளைகளின் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டதை மூத்தவர்கள் மறக்கவில்லை. தரப்படுத்தல் தொடங்கிய காலத்தில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழி மூல மாணவர் 250 எடுக்கவேண்டியிருந்தது. அன்று தொடங்கியதுதான் நகையை விற்றாவது பிள்ளையை வெளியே அனுப்பும் வழக்கம். கைத்திறனுக்கும் எம்மிடம் குறைவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் இறைப்பு இயந்திரமும் ஓட்டியவர்கள் நாங்கள்.

ஆனால் அந்தக் கைத்திறனும் பொறியியல் பட்டமும் ஒன்றல்ல. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஏன் ஆவியாகவில்லை என்பதைக் கணக்காக எழுதுவதில்தான் பட்டப்படிப்புத் தொடங்குகிறது. வெப்பவியக்கவியல், பாய்மப் பொறியியல், பொருள்களின் வலிமை ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது கணிதம். இணைந்த கணிதத்தில் தடுமாறிய பிள்ளைக்கு விமானச் சீட்டு மருந்தாகாது. ஒரு பாடத்தில் தவறினால் அதற்கான கட்டணத்தை மறுபடி கட்ட நேரும். அதுவும் உள்நாட்டு மாணவரைவிடப் பன்மடங்கான வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில்.

இனிப் பணக்கணக்கு. கனடாவில் படிக்க அனுமதி கேட்கும் தனி மாணவர், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனேடிய டொலர் இருப்பதாகக் காட்டவேண்டும். இது 2025 செப்டெம்பரில் வந்த விதி. 2023 வரை 10,000 டொலர் காட்டினால் போதும். அயலவரின் மகன் போன காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு இன்று புறப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். எமது நாணயத்தில் இது ஐம்பது இலட்சம் ரூபாய் அளவில் வரும். பொறியியல் கட்டணமோ அங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வருடத்துக்கு 40,000 டொலரைத் தாண்டும். படிப்பு நான்கு வருடம்.

"உழைச்சுக் கட்டுவான்" என்கிறார்களே, எத்தனை மணித்தியாலம் உழைப்பது? படிப்பு நடக்கும் காலத்தில் கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம், அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம். அதற்குமேல் வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து. பகல் முழுவதும் ஆய்வுகூடமும் பட்டறையும், இரவில் கடையில் வேலை என்றால் பிள்ளை எப்போது படிப்பது? அந்த உழைப்பு சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் ஓரளவு உதவும். கட்டணத்துக்குக் காணாது.

ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. (பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகிறார்கள்.) ஆனால் முதற்பட்டம் பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே நடக்கும். முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ முற்பணமாக இடவும்வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். மொழியை இங்கிருந்தே ஒழுங்காகக் கற்கும் பொறுமையுள்ள பிள்ளைக்கு இது நல்ல வழிதான்.

நாணயம் என்ற விடயத்தை முகவர்கள் பேசுவதேயில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டு மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. வெங்காயத்தை ரூபாயில் விற்றுக் கட்டணத்தை டொலரில் கட்டிய பெற்றோரின் நிலையை யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அவ்வருடம் இரண்டாம் தவணைக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் போனது. பிள்ளை படிப்பை நிறுத்தினான். ஈட்டு வட்டி நிற்கவில்லை. இன்று அந்தத் தோட்டத்தில் வேறொருவர் புகையிலை நட்டிருக்கிறார்.

என் கருத்து இதுதான்: முதற்பட்டத்தை இங்கே படிக்கட்டும்; வெளிநாட்டுக்கு இரண்டாம் பட்டத்துக்குப் போகட்டும். பேராதனை, மொறட்டுவை, றுகுணு பல்கலைக்கழகங்களில் இயந்திரப் பொறியியல் கட்டணமின்றிக் கற்பிக்கப்படுகிறது. நல்ல சித்தியுடன் முடித்தவர்களுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் பல பல்கலைக்கழகங்கள், கற்பித்தலிலோ ஆய்விலோ உதவுவதற்காக, உதவித்தொகை கொடுத்து உயர்பட்டம் படிப்பிக்கின்றன. எமது பெரியவர்கள் போன பாதையும் அதுவே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து 1994இல் மறைந்த பேராசிரியர் அ. துரைராசா இலங்கையில் பொறியியல் பட்டம் பெற்ற பின்னரே கேம்பிரிட்ஜ் சென்று மண் பொறியியலில் கலாநிதியானார். கவிஞராக நாம் அறிந்த சி. சிவசேகரம் இயந்திரப் பொறியியற் பேராசிரியர். அவரும் இங்கு படித்து, பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வு செய்தவர். காற்றுச் சுழலிகள் பற்றி 1970களிலேயே ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். காற்றால் நீர் இறைக்கும் கனவு கண்ட தோட்டக்காரர் பலருக்கு இது தெரியாது.

இங்கே இடம் கிடைக்காதவன் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. புள்ளியில் நூலிழையில் தவறிய கெட்டிக்காரர் நிறையப் பேர். இந்திய அரசு இலங்கை மாணவருக்கு வழங்கும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலில் பொறியியலும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்காமலே எத்தனையோ பேர் முகவரிடம் ஓடுகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழினுட்பமும் இயந்திரத் தொழினுட்பமும் கற்கலாம். அது பட்டமல்ல. ஆனால் கடனில்லாத தொழில்.

எப்படியும் அனுப்புவதென்றால் நான்கு வருடப் பணத்தின் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமா "பார்ப்பேன்" என்றால், எவ்வளவு, எத்தனை வருடம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முகவர் நீட்டும் கடிதம் நான்கு வருடப் பொறியியல் பட்டத்துக்கா, இரண்டு வருட டிப்ளோமாவுக்கா என்று பாருங்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர். அதிலுள்ள நாடுகள் ஒன்று மற்றொன்றின் தகுதிபெற்ற பொறியியல் பட்டங்களை மதிக்கின்றன. டிப்ளோமா அந்த உடன்படிக்கைக்குள் அடங்காது. பிள்ளை திரும்பி வந்தால் இதுதான் கேள்வியாகும்.

அந்தத் தகப்பன் அன்று உறுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார், மனவருத்தத்தோடுதான். மகன் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனாலும் இரண்டாம் முறை பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறான்.

வெளிநாட்டு அனுமதிக் கடிதம் வந்திருக்கும் பெற்றோர் ஒப்பமிட முன் அதை எங்களிடம் கொண்டுவாருங்கள். விசா மறுக்கப்பட்டால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைச் சேர்ந்திருந்து வாசிப்போம்.